பாட்டன் எங்கே பிறந்தான்?

மலையகம்: வழக்குகள் வழியே ஒரு வரலாறு
அத்தியாயம் 9

முல்லோயாத் தோட்டத்துக் கோவிந்தனின் கதையோடு சென்ற அத்தியாயம் நின்றது. 1940 ஜனவரி 10-ஆம் திகதி ஹேவாஹெட்டப் பக்கத்தில் பொலிஸ் குண்டுக்குப் பலியான தொழிலாளி அவர். விசாரணை ஆணைக்குழுவின் முன் அவருடைய மனைவிக்காக கொல்வின் ஆர். டி சில்வா தோன்றி, சுட்டவர்களைக் குறுக்குக் கேள்விகளால் மடக்கினார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, மடுல்கலை ரெலுகாஸ் தோட்டத்தில் சின்னத்துரையாக வேலை பழக வந்த பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளையரை, தொழிலாளர் பக்கம் நின்று பேசியதற்காக நாட்டை விட்டு வெளியேறுமாறு தேசாதிபதி உத்தரவிட்டார். தலைமை நீதியரசர் சிட்னி ஏப்ரஹாம்ஸ் உள்ளிட்ட மூவர் 1937 மே மாதத்தில் அந்த உத்தரவு செல்லாது என்று தீர்த்தார்கள். அவசர நிலை இல்லாத காலத்தில் தேசாதிபதி அந்த அதிகாரத்தைக் கொண்டு ஒருவரை நாடு கடத்த முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

இந்த இரண்டு செய்திகளும் கண்டிச் சீமையின் லயங்களில் பரவின. துரைக்கு மேலே தேசாதிபதி, தேசாதிபதிக்கு மேலே சட்டம் என்று ஒரு கணக்கு பலர் மனத்தில் உருவாயிற்று. பதினைந்து ஆண்டுகள் கழிவதற்குள் அந்தக் கணக்கு பொய்த்துப் போன கதையைத்தான் இந்த அத்தியாயம் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்கு ருவான்வெல்லத் தொகுதியிலிருந்து லண்டன் வரை போனால் போதாது. அமெரிக்காவின் லூசியானாவுக்கும் அலபாமாவுக்கும் ஒக்லஹோமாவுக்கும் போய் வர வேண்டும். கறுப்பின மக்கள் வாக்குரிமைக்காக நடத்திய வழக்குகளை அருகில் வைத்துப் படிக்காமல், மலையக மக்களின் குடியுரிமையையும் வாக்கையும் பற்றி லண்டனில் வந்த 1953-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் பாரம் முழுவதையும் உணர முடியாது என்பது, கண்டியில் வழக்குரைத்து வாழும் என் துணிபு.

பள்ளேகலைக்கு வந்த ஜமைக்கா

அமெரிக்கக் கண்டத்துக் கறுப்பின வரலாற்றுக்கும் கண்டிக்கும் என்ன உறவு என்று வாசகர் கேட்கலாம். உறவு கோப்பியில் தொடங்குகிறது.

பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-இல் நிறைவேறி, மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. விடுதலை பெற்ற மக்கள் பழைய எசமானின் தோட்டத்தில் பழையபடி உழைக்க மறுத்தார்கள். மேற்கிந்தியத் தீவுகளின் கோப்பி விளைச்சல் சரிந்தது. 1835-இல் இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் இங்கிலாந்தில் ஒரே அளவு சுங்கத் தீர்வை என்றானது. முதலாளிகளின் பார்வை கண்டி மலைகள் மீது விழுந்தது. 1837-இல் ஜமைக்காவில் தொழில் பழகிய ரொபர்ட் பொய்ட் டைட்லர் வந்து, தும்பறைப் பள்ளத்தாக்கின் பள்ளேகலையில் மேற்கிந்திய முறைப்படி கோப்பி பயிரிடக் கற்றுக் கொடுத்தார். அந்தக் காலத் துரைமார் கையேடாக வைத்திருந்த நூல், லபோரி என்ற பிரெஞ்சுக்காரர் 1798-இல் வெளியிட்டது. லபோரி, இன்று ஹெயிட்டி என்று நாம் அறியும் சான்டொமிங்கோவில் அடிமைகளை வைத்துத் தோட்டம் நடத்தியவர். அந்த மண்ணின் அடிமைகள் கிளர்ந்தெழுந்து எசமானர்களைத் துரத்திய காலத்தில் அங்கிருந்து வெளியேறியவர்.

இப்படி, அடிமைகளின் உழைப்பில் வளர்ந்த ஒரு தொழில்முறை, அங்கே அடிமைகள் விடுதலை பெற்றதும் இங்கே இடம் மாறி வந்தது. அதற்குத் தேவையான கைகள் மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கங்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுப் பாதையில் மாத்தளை வழியாக நடந்து வந்தன. அவர்கள் அடிமைகள் அல்லர். விலைக்கு விற்கப்படவில்லை. ஆனால் கங்காணியிடம் பட்ட கடன் தீரும்வரை 'துண்டு' என்ற விடுவிப்புச் சீட்டு கிடைக்காது. துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. சொல்லாமல் வெளியேறினால் அது சட்டப்படி குற்றம். தோட்ட முதலாளிகள் 1854-இலேயே கண்டியில் தங்கள் சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். தொழிலாளிக்கு ஒரு தொழிற்சங்கம் கிடைக்க 1931 வரை, கோ. நடேசய்யரின் காலம் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

உழைப்பு தேவைப்பட்டவரை யாரும் இவர்களிடம் பாட்டன் எங்கே பிறந்தான் என்று கேட்கவில்லை. வாக்கு என்ற ஒன்று கைக்கு வந்த பிறகுதான் அந்தக் கேள்வி பிறந்தது. அமெரிக்காவிலும் நடந்தது இதுவே.

லூசியானாவின் பாட்டன்

உள்நாட்டுப் போருக்குப் பின் அமெரிக்க அரசமைப்பில் மூன்று திருத்தங்கள் சேர்ந்தன. 1865-இன் 13-ஆவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. 1868-இன் 14-ஆவது திருத்தம் அந்த மண்ணில் பிறந்தவர் எல்லாரும் குடிமக்கள் என்றது. 1870-இன் 15-ஆவது திருத்தம் இனம், நிறம், முன்பு அடிமையாக இருந்த நிலை ஆகியவற்றைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்றது. ஆகவே, கறுப்பருக்கு வாக்கில்லை என்று எந்த மாநிலமும் எழுத முடியாது. எழுதாமலே அதைச் செய்யும் வழியைத் தென் மாநிலங்களின் சட்டம் படித்தவர்கள் தேடினார்கள்.

1898-இல் லூசியானா ஒரு வழி கண்டது. வாக்களிக்க எழுத்தறிவு வேண்டும், அல்லது சொத்து வேண்டும். இந்த நிபந்தனை ஏழை வெள்ளையரையும் வெளியே தள்ளிவிடுமே? அதற்கும் ஒரு கதவு வைத்தார்கள். 1867 ஜனவரி 1-ஆம் திகதியிலோ அதற்கு முன்போ வாக்குரிமை பெற்றிருந்தவருக்கும், அவருடைய மகனுக்கும், பேரனுக்கும் நிபந்தனை இல்லை. அந்தத் திகதியில் லூசியானாவின் கறுப்பர் எவருக்கும் வாக்கு இருந்ததில்லை. சட்டத்தின் வாசகத்தில் நிறத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. பாட்டனைப் பற்றி மட்டுமே இருந்தது. 1896-இல் அந்த மாநிலத்தின் இடாப்பில் 1,30,334 கறுப்பு வாக்காளர்கள் இருந்தார்கள். 1904-இல் மிஞ்சியவர்கள் 1,342 பேர்.

அலபாமாவும் 1901-இல் புதிய அரசமைப்பு எழுதி, எழுத்தறிவும் சொத்தும் நன்னடத்தையும் கேட்டது. மொன்ட்கொமரி நகரின் ஜாக்சன் கைல்ஸ் என்ற கறுப்பினத்தவர், தம்மைப் போன்ற 5,000-க்கும் மேற்பட்டோர் சார்பில் வழக்குத் தொடுத்தார். வாதாடியவர் வில்ஃபர்ட் ஸ்மித் என்ற கறுப்பினச் சட்டத்தரணி. செலவுக்கான பணத்தை இரகசியமாகக் கொடுத்தவர், வெளியே சமரசவாதி என்று பெயர் எடுத்திருந்த புக்கர் டி. வாஷிங்டன். 1903-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. நீதியரசர் ஹோம்ஸின் தர்க்கம் சட்ட மாணவர்களை இன்றும் திகைக்க வைக்கும். இடாப்பே மோசடி என்கிறீர்கள், மோசடியான இடாப்பில் உங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்கிறீர்கள், அது எப்படி முடியும் என்றார். ஒரு மாநிலத்து மக்கள் இழைத்த அரசியல் தீங்கென்றால் பரிகாரத்தை அந்த மக்களிடமும் சட்டமன்றத்திடமுமே கேட்க வேண்டும் என்றார். வாக்கு இல்லாதவரை வாக்காளரிடம் போகச் சொன்ன தீர்ப்பு அது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஒக்லஹோமாவின் பாட்டன் விதி அதே நீதிமன்றத்துக்கு வந்தது. அங்கே குறித்திருந்த திகதி 1866 ஜனவரி 1. தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதியரசர் எட்வர்ட் வைட். லூசியானாவில் பிறந்தவர், இளமையில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலப் படையில் இருந்தவர். அவரிடம் கறுப்பர் நீதி பெறுவார்கள் என்று எவரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள். ஆனால் 1915 ஜூனில் அவர், சட்டத்தில் இனத்தின் பெயர் இல்லை என்பது உண்மைதான், ஆனால் இந்தத் திகதியை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டால் 15-ஆவது திருத்தத்துக்கு முந்திய நிலையைத் திரும்பக் கொண்டுவருவதைத் தவிர வேறு காரணம் எதுவும் தெரியவில்லை என்று எழுதினார். பாட்டன் விதி வீழ்ந்தது.

கொழும்பின் பாட்டன்

இனி நம் ஊருக்கு வருவோம்.

1947-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. கண்டி மாவட்டத்தின் நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கமும், நுவரெலியாவில் எஸ். தொண்டமானும், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளையும் வென்றவர்கள். வேறு பல தொகுதிகளில் தோட்ட மக்களின் வாக்கு இடதுசாரிகளுக்குப் போயிற்று. புதிய அரசுக்கு அது உறுத்தியது.

கண்டிச் சிங்களக் குடியானவர்களின் குறையையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1840-ஆம் ஆண்டு முடிக்குரிய நிலச் சட்டத்தின் பின், ஊரைச் சுற்றியிருந்த காடும் சேனை நிலமும் அவர்கள் கையை விட்டுப் போய்க் கோப்பித் தோட்டங்களாயின. கண்டிய விவசாயிகள் ஆணைக்குழு 1951-இல் வெளியிட்ட அறிக்கை அந்தத் துயரத்தைப் பதிவு செய்திருக்கிறது. குறை நியாயமானது. ஆனால் நிலத்தை எடுத்தவர்கள் வேறு, அந்த நிலத்தில் காடு வெட்டக் கூட்டி வரப்பட்டவர்கள் வேறு. கணக்கைத் தீர்க்க வந்த சட்டம் பின்னவர்கள் தலையில் விழுந்தது.

1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த ஆண்டு நவம்பர் 15-ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி, அந்தத் திகதிக்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரஜை ஆவதற்கு அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தந்தை வழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அந்தத் திகதிக்குப் பின் பிறக்கும் பிள்ளைக்கோ தந்தை ஏற்கெனவே பிரஜையாக இருக்க வேண்டும். தாய் கணக்கில் இல்லை. பிறந்த மண்ணும் கணக்கில் இல்லை. தெல்தோட்டையில் பிறந்து, தெல்தோட்டையில் கொழுந்து பறித்து, தெல்தோட்டையிலேயே பேரப்பிள்ளை கண்ட ஒரு பெண்ணும், அப்பன் திருச்சிக்காரன் என்றால் அந்நியள்.

சட்டத்தில் தமிழர் என்ற சொல்லோ, இந்தியர் என்ற சொல்லோ இல்லை. எல்லாருக்கும் ஒரே விதிதான். தந்தையின் பிறப்புப் பத்திரத்தைக் காட்டச் சொன்னால் சிங்களக் கிராமத்தில் எத்தனை பேரால் காட்ட முடியும்? ஆனால் அங்கே யாரும் கேட்கவில்லை. லயத்தில் மட்டும் கேட்டார்கள்.

அடுத்து 1949-ஆம் ஆண்டின் 3-ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. மணமானவர் 1946 ஜனவரி 1-க்கு முன் 7 ஆண்டுகளும், மணமாகாதவர் 10 ஆண்டுகளும் தொடர்ந்து இலங்கையில் வசித்ததாக நிரூபிக்க வேண்டும். விண்ணப்பிக்க 1951 ஓகஸ்ட் 5 வரை, இரண்டு ஆண்டுகள் அவகாசம். இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் இதைப் பகிஷ்கரித்து, இறுதிக் கட்டத்தில்தான் மக்களை விண்ணப்பிக்கச் சொன்னது. ஏறக்குறைய 2 லட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள், 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்காகக் குவிந்தன. 1960-களின் நடுப்பகுதி வரை இழுத்த விசாரணைகளின் முடிவில் பிரஜாவுரிமை பெற்றவர்கள் சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேர். இதற்கிடையில் 1949-ஆம் ஆண்டின் 48-ஆம் இலக்கச் சட்டம் பிரஜைக்கு மட்டுமே வாக்கு என்று தேர்தல் சட்டத்தைத் திருத்திவிட்டது. 1952 தேர்தலில் காங்கிரஸுக்கு ஓர் இடமும் இல்லை. அந்த ஆண்டு கொழும்பில் பல மாதங்கள் நடத்திய சத்தியாக்கிரகத்துக்கும் அரசு அசையவில்லை.

ருவான்வெல்லையிலிருந்து லண்டனுக்கு

வழக்கு கண்டிக்குப் பக்கத்து மாவட்டமான கேகாலையில் பிறந்தது. ருவான்வெல்லத் தொகுதியின் வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்குமாறு கோடகன் பிள்ளை என்ற இந்தியத் தமிழர் கேட்டார். பதிவு அலுவலர் முதனாயக்க, நீர் இலங்கைப் பிரஜை அல்ல என்று மறுத்தார். கோடகன் பிள்ளை மீளாய்வு அலுவலரிடம் போனார். அந்தப் பதவியில் இருந்த சிவஞானசுந்தரம், தம் கையிலிருந்த சிறு அதிகாரத்தைக் கொண்டு பெரிய காரியம் ஒன்றைச் செய்தார். பிரஜாவுரிமைச் சட்டத்தின் உரிய பிரிவுகளும் தேர்தல் திருத்தச் சட்டத்தின் உரிய பிரிவும் சோல்பரி அரசமைப்பின் 29(2)-ஆம் பிரிவை மீறுகின்றன, ஆகவே அவை செல்லாது என்று தீர்த்தார்.

அந்த 29(2) என்ன சொன்னது? ஒரு சமூகத்தவருக்கோ சமயத்தவருக்கோ, மற்றச் சமூகத்தவருக்கு இல்லாத தடையையும் குறைபாட்டையும் விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்ற முடியாது. இயற்றினால் அது வெற்றுச் சட்டம். சிறுபான்மையினருக்குச் சுதந்திர இலங்கை கொடுத்த ஒரே எழுத்துக் காப்பு அதுதான்.

மீளாய்வு அலுவலரின் முடிவை நீக்குமாறு பதிவு அலுவலர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1951-இல் உச்ச நீதிமன்றம் அந்த முடிவை நீக்கியது. சட்டத்தின் வாசகம் தெளிவாக இருக்கிறது, எல்லாச் சமூகத்துக்கும் பொதுவாக இருக்கிறது, அது யாரைத் தாக்குகிறது என்று வெளியே போய்ப் பார்ப்பது எங்கள் வேலையில்லை என்பதே அதன் நிலைப்பாடு. கோடகன் பிள்ளை, அப்போது இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த கோமறைக் கழகத்துக்கு மேன்முறையிட்டார்.

1953-இல் அங்கே தீர்ப்பை வழங்கியவர் ஓக்ஸி பிரபு. இந்தப் பெயரைவிட அவருடைய பழைய பெயர் உலகுக்குத் தெரிந்தது: ஜெஃப்ரி லோரன்ஸ். 1945, 46-இல் நியூரம்பர்க்கில் நாஜித் தலைவர்களை விசாரித்த நீதிமன்றத்தின் தலைவர். குடியுரிமையைப் பறிப்பதில் தொடங்கிய ஒரு கொடுமை எங்கே போய் முடிந்தது என்பதற்கான சான்றுகளை மாதக்கணக்கில் கேட்டவர்.

அவருடைய தீர்ப்பின் சாரம் இது. தன் குடிமக்கள் யார் என்று தீர்மானிப்பது எந்த நாட்டுச் சட்டமன்றத்துக்கும் இயல்பான வேலை. எழுத்தறிவு, சொத்து, பிறப்பு, வதிவு போன்ற அளவுகோல்களை அது வைக்கலாம். அந்த அளவுகோல்கள் எழுதப் படிக்கத் தெரியாதவரையும், ஏழையையும், வந்து குடியேறியவரையும் மற்றவரைவிடக் கூடுதலாக வெளியே தள்ளக்கூடும். ஆனாலும் அது ஒரு சமூகத்தின் மீது விதித்த தடை ஆகாது. ஏனென்றால் ஒரு சமூகத்தைச் சமூகமாகக் கட்டி வைப்பது அதன் இனமோ சமயமோதான், அதன் வறுமையோ அறியாமையோ இடப்பெயர்வோ அல்ல. இந்தியத் தமிழரின் போக்குவரத்துப் பழக்கம் அவர்கள் குடிமக்களாகத் தகுந்தவர்களா என்ற கேள்வியோடு தொடர்புடையது, சமூகம் என்ற அவர்களுடைய அடையாளத்தோடு தொடர்புடையதல்ல. 1949-ஆம் ஆண்டுச் சட்டம் வழி விட்டிருக்கிறதே என்பதும் கோமறைக் கழகத்துக்குச் சாட்சியாயிற்று.

இரண்டு நீதிபதிகள்

இந்தத் தீர்ப்பைப் பல முறை படித்திருக்கிறேன். அதன் தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது எளிதல்ல. எழுத்தறிவும் சொத்தும் வதிவும் இனத்தின் பெயர்கள் அல்ல என்பது சரியே. ஆனால் அதே மூன்றையும்தான் லூசியானாவும் அலபாமாவும் கருவியாகக் கொண்டன. ஓக்ஸி பிரபு அடுக்கிய பட்டியலைத் தென் மாநிலச் சட்டமன்றம் எதிலும் மாற்றமில்லாமல் ஒப்புக்கொண்டிருக்கும். கோமறைக் கழகமே ஒன்றை ஒத்துக்கொண்டது: நேரடியாகச் செய்ய முடியாததைச் சட்டமன்றம் மறைமுகமாகச் செய்யும் சந்தர்ப்பம் இருக்கலாம், சட்டம் அதைத் தடுக்கும். ஆனால் இது அத்தகைய சந்தர்ப்பம் என்று அதற்குத் தோன்றவில்லை.

ஏன் தோன்றவில்லை? தென் மாநிலப் படையில் இருந்த வைட்டுக்குத் தெரிந்தது, நியூரம்பர்க் நீதிபதிக்கு ஏன் தெரியவில்லை? மனிதரின் குணத்தில் விடையைத் தேடினால் குழப்பமே மிஞ்சும். இருவரும் கேட்ட கேள்வியில்தான் வேறுபாடு இருக்கிறது. வைட், இந்த விதியை இந்த வடிவத்தில் எழுத என்ன தேவை இருந்தது என்று கேட்டார். ஓக்ஸி பிரபு, இப்படி ஒரு விதியை எழுத சட்டமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்று கேட்டார். முதல் கேள்வியைக் கேட்டால் சட்டத்துக்குப் பின்னால் நிற்கும் ஊரைப் பார்த்தே ஆக வேண்டும். இரண்டாவது கேள்விக்குத் தாளைப் பார்த்தால் போதும்.

அந்த ஊரை ஒரு கணம் பார்த்திருந்தாலும் சில உண்மைகள் தெரிந்திருக்கும். 1928-இலேயே டொனமூர் அறிக்கை, இந்தியத் தமிழரில் 40 முதல் 50 சதவீதத்தினர் நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் என்று கணித்திருந்தது. 1939 ஓகஸ்டில் இந்திய அரசு இலங்கைக்குக் கூலித் தொழிலாளர் வருவதைத் தடை செய்துவிட்டது. வரவு நின்று பதினான்கு ஆண்டுகள் ஆன ஒரு மக்களை, வந்து போகிறவர்கள் என்று 1953-இல் எழுதினார்கள். 1946 கணக்கெடுப்பில் அவர்கள் சுமார் 7 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் பெரும்பாலோரை ஒரே வீச்சில் வெளியே நிறுத்திய விதிக்கு இனத்தோடு உறவில்லை என்று சொல்ல, மிகக் கவனமாகக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். பாராளுமன்ற விவாதங்களைச் சான்றாக ஏற்காத காலம் வேறு. அமைச்சர்கள் மேடையில் சொன்னது எல்லாருக்கும் தெரியும். நீதிமன்றத்துக்கு மட்டும் தெரியாது.

தோற்ற வழக்கும் வென்ற வழக்கும்

1915 தீர்ப்பால் ஒக்லஹோமாவின் கறுப்பருக்கு உடனே வாக்குக் கிடைத்துவிட்டதா? இல்லை. அந்த மாநிலம் மறு ஆண்டே புதிய சட்டம் செய்தது. 1914-இல் வாக்களித்தவர் தானாகவே வாக்காளர். மற்றவர் 1916 ஏப்ரல் 30 முதல் மே 11 வரை, 12 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் வாக்கு போயே போயிற்று. அந்தத் தந்திரம் வீழ 1939 வரை ஆயிற்று. முரட்டுத்தனமான பாகுபாட்டை மட்டுமல்ல, நுட்பமாக நெய்த பாகுபாட்டையும் 15-ஆவது திருத்தம் தடுக்கிறது என்று நீதியரசர் ஃபிராங்க்ஃபர்ட்டர் அப்போது விளக்கினார். 1960-இல், அலபாமாவின் சட்டமன்றம் டஸ்கீகி நகரின் சதுரமாக இருந்த எல்லையை 28 பக்கம் கொண்ட கோணல் வடிவமாக மாற்றி, சுமார் 400 கறுப்பு வாக்காளரில் நான்கைந்து பேரைத் தவிர மற்ற அனைவரையும் நகருக்கு வெளியே தள்ளிய வழக்கு வந்தது. வாதாடியவர்களில் ஒருவர் ஃபிரெட் கிரே. ரோசா பார்க்ஸுக்காகவும் தோன்றிய இளம் கறுப்பினச் சட்டத்தரணி. அவர் அந்த எல்லையின் வரைபடத்தையே நீதிபதிகளின் கண்முன் வைத்தார். சட்டத்தில் இனம் இல்லை, வரைபடத்தில் இருந்தது. வழக்கு வென்றது. 1965-இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது.

1915-இன் வெற்றி அன்று வழக்காடியவர்களுக்குப் பெரிதாக எதையும் கொடுக்கவில்லை. பின்னால் வந்த சட்டத்தரணிகள் கையில் அது ஓர் ஆயுதமாயிற்று. அந்தச் சட்டத்தரணிகளும் தானாக முளைத்தவர்கள் அல்லர். ஹவார்ட் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் ஹமில்டன் ஹூஸ்டன், சமூகத்தைச் சட்டத்தால் செப்பனிடத் தெரியாத கறுப்பினச் சட்டத்தரணியால் யாருக்கும் பயனில்லை என்ற உறுதியோடு மாணவர்களை வளர்த்தார். அவர்களில் ஒருவரான தேர்குட் மார்ஷல் 1954 மே மாதத்தில் பள்ளிப் பிரிவினை வழக்கை வென்றார். கோடகன் பிள்ளை தோற்று ஓராண்டுதான் ஆகியிருந்தது.

நம் பக்கத்தில் அப்படி எதுவும் இல்லை. தோட்டப் பாடசாலை ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத காலத்தில் மலையகத்துக்கென்று ஒரு சட்டத்தரணிகள் பரம்பரை எங்கே உருவாகும்? கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த பெரிய அப்புக்காத்துகளின் தயவில்தான் வழக்குகள் நடந்தன. 1953 தீர்ப்பு ஆயுதம் ஆகவில்லை, சுவர் ஆயிற்று. அதற்குப் பிறகு 29(2)-ஐக் காட்டி எழுந்தவர்களின் வழியில் அது நின்றது. 1972 அரசமைப்பு அந்தப் பிரிவையே எடுத்துவிட்டது. கோமறைக் கழகத்துக்குப் போகும் வழியும் அந்தக் காலத்தில் அடைபட்டது.

வழக்கு மூடிய இடத்தில் ஒப்பந்தம் திறந்தது. 1964 ஒக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 9 லட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கு பிரித்தார்கள்: இந்தியாவுக்கு 5 லட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 லட்சம், மீதி 1 லட்சத்து 50 ஆயிரம் பிறகு பார்க்கலாம். பார்த்தபோது, 1974-இல் ஆளுக்குப் பாதி. எவரிடமும் விருப்பம் கேட்டு எழுதிய எண் அல்ல அது. கடைசியில் வாக்கைத் திருப்பித் தந்தது நீதிமன்றமல்ல. தொழிற்சங்கத்தின் பேரம் பேசும் வலிமையும், கட்சிகளுக்கு மலையக வாக்குத் தேவைப்பட்ட காலமும், 1988-ஆம் ஆண்டின் 39-ஆம் இலக்கச் சட்டமும், 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டமும்தான். சட்டமன்றத்திடம் போ என்று ஹோம்ஸ் சொன்னதைத்தான் மலையகம் செய்தது. வாக்கில்லாதவர்கள் அந்த வழியில் போய்ச் சேர 55 ஆண்டுகள் ஆயின.

இன்றைக்கு அந்த வழக்கு வந்தால்

இதெல்லாம் பழங்கதை என்று இளம் சட்டத்தரணிகள் சொல்வதுண்டு. அவர்களுக்கு நான் 1978 அரசமைப்பை எடுத்துக் காட்டுவேன். 12(1) எல்லா ஆட்களும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. ஆனால் இனத்தின் பேரால் பாகுபாடு கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லும் 12(2), பிரஜைக்கு மட்டுமே அந்தக் காப்பைத் தருகிறது. பேச்சு, சங்கம், நடமாட்டம் போன்ற 14-ஆம் உறுப்புரையின் சுதந்திரங்களை நாடற்றவர்களுக்கும் அது கொடுத்தது, ஆனால் பத்து ஆண்டுத் தவணைக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக 80(3): சபாநாயகர் சான்றுரை எழுதிய பிறகு எந்தச் சட்டத்தின் செல்லுபடியையும் எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது. மசோதாவாக இருக்கும்போதே போக வேண்டும்; 1978-இல் எழுதியபடி, அது பாராளுமன்றத்தின் நிகழ்ச்சி நிரலில் ஏறிய ஒரு வாரத்துக்குள் பிரஜை ஒருவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஒக்லஹோமா கொடுத்தது 12 நாள்.

1948-ஆம் ஆண்டுச் சட்டத்தை அந்த ஒரு வாரத்தில் படித்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? பாட்டனும் பூட்டனும் தெரிந்திருப்பார்கள். இடாப்பில் பெயர் தேடி வந்து திரும்பிப் போன கோடகன் பிள்ளை தெரிந்திருக்க மாட்டார். ஒரு சட்டம் யாரைக் குறிவைத்தது என்பது அது வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் வெளிச்சமாகிறது. அதனால் இயற்றப்பட்ட சட்டத்தைப் பின்னால் ஆராயும் அதிகாரத்தை இலங்கை நீதிமன்றங்களுக்குத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கை, மலையக மக்களைப் பொறுத்தவரை வெறும் அரசமைப்பு விவாதம் அல்ல. அவர்கள் அந்த அதிகாரத்தோடும் ஒரு முறை தோற்றிருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் வழக்காடுவதற்கே இடமில்லை.

அடுத்த அத்தியாயம்: கண்டியில் இருந்த இந்திய உதவித் தூதரகத்தின் வாசலில் கடவுச்சீட்டுக்காக நின்றவர்களும், தலைமன்னாருக்குப் புறப்பட்ட 'ஒப்பாரிக் கோச்சி'யும்.